நாலு மேஜர், பதினொரு மைனர்

அந்த வீடியோ விளையாட்டு வெளியான வியாழக்கிழமை, காலை ஐந்து முப்பத்தைந்துக்கு இணையத்தில் முதல் கருத்தைப் படித்தேன். "இது முழு விளையாட்டா, சாம்பிளா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆறேகாலுக்குச் சத்துவாச்சாரி நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ் வரும். அதற்குள் பால் காய்ச்சிக் குடித்து, எட்டுப் பேர் சொன்னதை நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதி முடித்திருந்தேன். அவர்களில் ஆறு பேர் திட்டியிருந்தார்கள். ஏழாமவருக்கு விளையாட்டு இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. எட்டாமவர் முடி வளரும் எண்ணெய்க்கு விளம்பரம் போட்டிருந்தார்.

தேதி போட்டு எழுதிவைப்பது எனக்குப் பள்ளி நாளிலிருந்து வந்த பழக்கம். பாலாற்றில் தண்ணீர் வந்த நாள், எங்கள் தெருவில் குழாய்க்குத் தோண்டிய நாள், மூடிய நாள், மறுபடி தோண்டிய நாள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. யாரும் கேட்டதில்லை. பிழைப்பும் ஏறக்குறைய இதுதான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கடைசி செக்கிங் மேசையில் இருக்கிறேன். பெட்டிக்குள் போகும் முன் ஷூவைக் கடைசியாகத் தொட்டுப் பார்க்கிற கை என்னுடையது. தையல் தாண்டியிருந்தால், பசை வெளியே தெரிந்தால், இடது காலுக்கும் வலது காலுக்கும் நிறம் ஒரு மயிரிழை மாறியிருந்தால், அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, பெரிய குறை என்றால் மேஜர், சின்னக் குறை என்றால் மைனர் என்று ஷீட்டில் எழுதுவேன்.

அந்த விளையாட்டுக்காக ஏழு மாதம் காத்திருந்தேன். விளையாட்டின் மேல் இருந்த ஆசை அதில் பாதிதான். அது இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற விளையாட்டு. இரண்டாவது ஆள் வியட்நாமில் இருந்தான்.

ஒன்பது ஆண்டுகள் செக்கிங் மேசையில் எனக்கு எதிரில் உட்கார்ந்தவன் அவன். என்னைவிட ஏழு வயது இளையவன், ஆம்பூர்க்காரன். இடது காலை நான் பார்ப்பேன், வலது காலை அவன் பார்ப்பான், பிறகு மாற்றிக்கொள்வோம். ஒரே மாதத்தில், டிவியில் மாட்டி ஆடுகிற கன்சோல் ஆளுக்கொன்று வாங்கினோம். அங்கே ஒரு ஷூ கம்பெனியில் வேலை கிடைத்துப் போனபோது, ஷூவுக்குள் திணிக்கிற தாளைக் கன்சோலுக்குச் சுற்றிக் கைப்பையில் எடுத்துப் போனான். அதன் பிறகு ஞாயிறுதோறும் இங்கே மூன்று மணிக்கு, அங்கே நாலரை மணிக்கு, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்காருவோம். சுட்டுக்கொண்டே பேசுவோம். அவன் அம்மாவின் முழங்கால், அங்கே கிடைக்காத கறிவேப்பிலை, எங்கள் மேனேஜரின் புது மூக்குக்கண்ணாடி எல்லாம் அந்தத் துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவில்தான் வந்து போகும்.

போனில் பேசிக்கொள்கிற ஆட்கள் அல்ல நாங்கள். போன் செய்தால் "சொல்லுண்ணா" என்பான். சொல்ல ஒன்றும் இருக்காது. சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவேன். கையில் வேறொரு வேலை இருந்தால்தான் எங்களுக்கு வாய் திறக்கும். மேசையிலும் அப்படித்தான் பழகியிருந்தோம்.

நாங்கள் ஆடிய விளையாட்டின் சர்வரை அதன் கம்பெனி ஒரு சித்திரை மாதத்தில் மூடியது. அன்றிலிருந்து எங்களுக்குள் பண்டிகை வாழ்த்துப் படங்கள் மட்டும்தான். தீபாவளிக்கு விளக்கு, கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம், பொங்கலுக்குப் பானை. அந்த வறட்சியில்தான் புது விளையாட்டின் அறிவிப்பு வந்தது. எங்கள் கன்சோலுக்கு மட்டும், இரண்டு பேருக்கு. அவன் அன்றே எழுதினான்: "ண்ணா, இது நம்ளுக்குன்னே செஞ்சிருக்காங்க." அந்த வரிக்கும் என்னிடம் தேதி உண்டு.

வியாழக்கிழமை முழுவதும் திட்டு வளர்ந்தது. பஸ்ஸில் பள்ளிகொண்டா தாண்டும்போது பார்த்தேன். விமர்சகர்கள் மதிப்பெண் போடத் தொடங்கியிருந்தார்கள், பத்துக்கு ஐந்து, பத்துக்கு நாலரை என்று. பகல் சாப்பாட்டு நேரத்தில், ஷூவின் அச்சு வரைகிற பேட்டர்ன் பிரிவில் கம்ப்யூட்டரில் வேலை செய்கிற பெண் என் எதிரில் வந்து உட்கார்ந்து, போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாம்மா சிரிப்பு?"

"சார், இன்னிக்கு ஒரு கேம் வந்திருக்கு சார். அதுல கேப்டன் மூஞ்சியத் திருப்புறாரு, மீசை பின்னாடி லேட்டா வருது. பாருங்க, பாருங்க, இப்ப வருது."

பார்த்தேன். முகம் வலப்பக்கம் திரும்பி நின்றது. மீசை அரை விநாடி பழைய இடத்திலேயே காற்றில் நின்றுவிட்டுப் பிறகு வந்து சேர்ந்தது.

"அத நான் வாங்கி வெச்சிருக்கேம்மா" என்றேன்.

"ஐயோ, சாரி சார்! அந்தப் பொட்டி உங்ககிட்ட இருக்குதா?"

"இருக்கு. உங்கிட்ட?"

"எங்ககிட்ட ஏது சார்? இருந்தா நாங்க ஏன் திட்டப் போறோம்?"

இதையும் குறித்துக்கொண்டேன். அன்று நான் படித்த திட்டுகளில் பாதிக்கு மேல், அந்தக் கன்சோல் இல்லாதவர்கள் எழுதியவை. தங்களுக்கு வராத விளையாட்டு நன்றாக இல்லை என்பதில் அவர்களுக்கு ஒரு நிம்மதி. அதற்காக அவர்கள் சொன்னது பொய் என்று ஆகிவிடாது.

மாலை ஏழேகாலுக்கு வீட்டுக்கு வந்து ஆடத் தொடங்கினேன். வெள்ளத்தில் மூழ்கிய ஒரு நகரம். மீதி இருக்கிற மாடிகளில் கொள்ளையர்கள். இரண்டு காவலர்கள் படியிறங்கி, சுவர் ஏறி, சுட்டுக்கொண்டே போக வேண்டும். துணைக்கு ஆள் இல்லாவிட்டால் இரண்டாவது காவலனைக் கம்ப்யூட்டரே நடத்தும். அவன் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு அங்கேயே நடந்துகொண்டிருந்தான். திரும்பிப் போய் அவனைச் சுட்டால்தான் நகர்வான். எதிரே வெறும் சுவர் இருக்கும்போது "கவனம், முன்னால் வெளிச்சம்" என்பான். அவனுக்குக் கற்றுக்கொடுத்த வசனம் அது ஒன்றுதான் போலும். மழை பெய்யும், ஆனால் தரை நனையாது. நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை எல்லாம் உறைந்து நின்று, விளையாட்டு தானே மூடிக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை மாலை ஒரு படகுக்கு வந்து சேர்ந்தேன். சண்டை முடிந்து, இரண்டு காவலர்களும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு ஒரு சின்னப் படகில் ஏறுகிறார்கள். ஒருவன் துடுப்புப் போட வேண்டும், மற்றவன் விளக்கைப் பிடிக்க வேண்டும். பத்து நிமிடம் எதிரி யாரும் வருவதில்லை. மூழ்கிய கட்டடங்களின் ஜன்னல்களுக்கு இடையில் படகு போகிறது. துடுப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது. ஒரு பாலம் வரும்வரை அவ்வளவுதான். தனியாகவே ஒரு முறை போய்வந்தேன். கம்ப்யூட்டர்க்காரன் விளக்கைப் பின்பக்கம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாலம் வந்ததும் நிறுத்திவிட்டு, பழைய சேவுக்கு, அதாவது முன்பு சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்பிப் போய், படகில் ஏறுவதற்கு ஒரு நிமிடம் முன்னால் வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பழையபடி சேர்ந்து ஆடும்போது, இந்த இடத்தில் என் நண்பனிடம் என்ன பேசலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

சனிக்கிழமை மாலை நான் செய்ததைச் சொல்ல வேண்டும். பையில் கம்பெனியின் காலி செக்கிங் ஷீட் ஒன்று கிடந்தது. லாட் எண் என்ற இடத்தில் விளையாட்டின் பெயரையும், தேதியையும், ஆய்வாளர் என்ற இடத்தில் என் பெயரையும் எழுதினேன். பிறகு மூன்று நாளில் கண்ட குறைகளை வரிசையாக எழுதினேன். தானே மூடிக்கொள்வது, மேஜர். துணைக்காவலன் கதவில் சிக்குவது, மேஜர். குண்டு சுவருக்குள் போய் மறைவது, மேஜர். சேவ் ஒரு தடவை அழிந்துபோனது, மேஜர். மீசை, மைனர். நனையாத தரை, மைனர். ஏழாவது மைனராக இப்படி எழுதினேன்: படகுக் காட்சியில் பத்து நிமிடம் சண்டை இல்லை. பலர் அதைக் குறை என்று சொல்லியிருந்தார்கள், நானும் எழுதினேன். மொத்தம் நாலு மேஜர், பதினொரு மைனர். கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து, வியட்நாமில் இருந்த அவனுக்கு அனுப்பினேன்.

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரித்தான். கண்ணில் நீர் தெறிக்கிற சிரிப்பு முகங்கள் மூன்று. அதன் கீழே, "லாட் ரிஜெக்ட்!"

நானும் சிரித்தேன். கம்பெனியில் இரண்டு மேஜருக்கு மேல் போனால் அந்த லாட்டில் உள்ள ஷூ முழுவதும் திரும்பிப் போகும். ஒன்பது ஆண்டுகள் இருவரும் சேர்ந்து திருப்பி அனுப்பியவர்கள்தான்.

ஞாயிறு மூன்று மணிக்கு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் நண்பர்கள் பட்டியலில் அவன் பெயர் சாம்பல் நிறத்தில் இருந்தது, ஆள் இன்னும் உள்ளே வரவில்லை. மூன்றரைக்கும் சாம்பல்தான். கீழ் வீட்டு அம்மா மாடிப்படியில் துணி எடுக்க வந்தவர் ஜன்னல் வழியே பார்த்தார்.

"இன்னா தம்பி, இன்னிக்கு சத்தமே இல்ல? எல்லாரையும் சுட்டு முடிச்சிட்டியா?"

"இல்லம்மா. ஆள் வரணும்."

"சுடறதுக்கா?"

"கூட நின்னு சுடறதுக்கு."

"அதுக்குக்கூடவா ஆளுக்குக் காத்துக்கினு இருக்கணும்?" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.

நாலு மணிக்கு அவனுக்கு எழுதினேன்: "இன்னாடா, வரல?"

"எதுக்குண்ணா? நீங்களே நாலு மேஜர் போட்டீங்க. நான் வாங்கல. பேஜார் புடிச்ச கேமுக்கு ஞாயித்துக்கெழமைய ஏன் கெடுத்துக்கணும்."

எனக்குப் பிடித்திருக்கிறது என்று அப்போதே எழுதியிருக்கலாம். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் அழித்தேன். கையெழுத்துப் போட்ட ஷீட்டை ஆய்வாளனே மறுப்பது எங்கள் மேசையில் வழக்கமில்லை. அப்படிச் செய்கிற ஆளின் அடுத்த ஷீட்டை யாரும் நம்ப மாட்டார்கள். "சரிடா" என்று போட்டேன்.

பிறகு வந்த நாலு ஞாயிறுகளை எப்படிக் கழித்தேன் என்று குறிப்பேட்டில் இல்லை. ஒரு ஞாயிறு காட்பாடி வரை போய், பிளாட்பாரம் டிக்கெட் வாங்கி, பெங்களூர் ரயில் ஒன்று கிளம்பும்வரை நின்றுவிட்டு வந்தேன் என்பது நினைவிருக்கிறது. யாரையும் வழியனுப்பப் போகவில்லை.

ஐந்தாவது வாரம் பெரிய அப்டேட் வந்தது. விளையாட்டு தானே மூடிக்கொள்வது நின்றது. குண்டு சுவரில் பட்டது. மீசை முகத்தோடு திரும்பியது. துணைக்காவலன் கதவைத் தாண்டி வந்தான். விளக்கை மட்டும் இன்னும் பின்பக்கம்தான் பிடித்தான். நான் என்ன செய்தேன்? இன்னொரு செக்கிங் ஷீட்டை எடுத்தேன். மறு ஆய்வு என்று தலைப்பிட்டு, மேஜர் இல்லை, மைனர் மூன்று என்று எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. "சூப்பர்ண்ணா. பாக்கலாம்."

பாக்கலாம் என்பதன் பொருள் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வாரக் கடைசியில்தான் பழைய குறிப்பேடுகளை எடுத்தேன். அவனோடு ஆடிய ஞாயிறுகளைப் படிக்கலாம் என்று தோன்றியது. நாலு ஆண்டுக் குறிப்பேடுகளைத் தரையில் பரப்பி ஞாயிறு ஞாயிறாகத் தேடினேன். "மூன்று முதல் நாலேகால் வரை கரண்ட் இல்லை. ஆட்டம் கெட்டது." "சர்வர் கோளாறு." "அவனுக்கு ஜுரம், வரவில்லை." "ஹெட்செட்டில் ஒரு காது போய்விட்டது." இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன. மீதி ஞாயிறுகள் எல்லாம் வெற்றுத் தாள். தேதி இருந்தது, கிழமை இருந்தது, கீழே ஒன்றும் இல்லை. எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

பழைய மாவட்டக் குறிப்புகளை நூலகத்தில் உட்கார்ந்து படித்திருக்கிறேன். பஞ்சம் வந்த ஆண்டு, காலரா வந்த ஆண்டு, ஏரி உடைந்த ஆண்டு என்று வரும். பிறகு பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு ஒன்றும் இருக்காது. தாள் தொலைந்திருக்கும் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அந்த ஆண்டுகளில் மழை ஒழுங்காகப் பெய்திருக்கும் என்று தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் தோன்றியது.

இன்னொன்றும் நினைவு வந்தது. முதல் நாள் கருத்துகளுக்கு நடுவில் ஒருவர் எழுதியிருந்தார்: வேறு ஊரில் இருக்கும் தன் அக்காவோடு ஆடுவதாகவும், இருவருக்கும் பிடித்திருப்பதாகவும். யாரும் அதற்குப் பதில் போடவில்லை. படித்தேன், ஆனால் குறிக்கவில்லை. அதில் குறை எதுவும் இல்லையே. இப்போது தேடிப் பார்த்தேன், ஆயிரக்கணக்கான திட்டுகளுக்குக் கீழே எங்கோ போய்விட்டது.

ஞாயிறு காலை அவனுக்கு ஷீட் இல்லாமல் எழுதினேன். "எனக்கு இந்த விளையாட்டுப் பிடித்திருக்கிறது. முதல் நாளே பிடித்தது. நடுவில் ஒரு படகு வரும். ஒருவர் துடுப்பு, ஒருவர் விளக்கு. பத்து நிமிடம் சண்டை இல்லாமல் பேசிக்கொண்டே போகலாம். உன்னோடு போக வேண்டும் என்று அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்." நாற்பத்து மூன்று வயதில் இப்படி ஒன்றை எழுதி அனுப்புவதற்குக் கூச்சமாக இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களையப் போனேன்.

மூன்று மணிக்கு வீடியோவில் அழைத்தான். வாய் நிறைய ஏதோ மென்றுகொண்டிருந்தான்.

"ண்ணா, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"சொல்லு."

"பொட்டி இல்லண்ணா. குடுத்துட்டேன்."

"இன்னாடா சொல்ற? எப்போ?"

"நீங்க மொத ஷீட் அனுப்புனீங்களே, அந்த வாரமே. இங்க தோல் கட்டிங்ல ஒருத்தரு புள்ளைக்குன்னு கேட்டுக்கினே இருந்தாரு. இந்தக் கேமுக்காகத்தான் வெச்சிருந்தேன். அதுவும் ரிஜெக்ட்டு, இனிமே இன்னாத்துக்குன்னு தூக்கிக் குடுத்துட்டேன்."

"நல்லா இல்லன்னு நான் சொல்லலயேடா."

"நல்லா இருக்குன்னும் சொல்லலயேண்ணா." சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "ஒம்போது வருஷம் உங்க எதுர்ல உக்காந்தேன். உங்க ஷீட்ட நான் வேற எப்டிண்ணா படிப்பேன்?"

அவன் ஷீட்டைச் சரியாகத்தான் படித்திருந்தான்.

"சரி விடுங்க" என்றான். "போன டிவிக்கு நேரா வைங்க. அந்தப் படகக் காட்டுங்க, பாப்போம்."

ஷூப் பெட்டி ஒன்றை நிமிர்த்தி அதில் போனைச் சாய்த்து வைத்தேன். கொள்ளையர்களின் கடைசி மாடியைச் சுட்டு முடித்து, துப்பாக்கியை வைத்து, படகில் ஏறினேன். துடுப்புப் போட்டேன். எதிரில் துணைக்காவலன் முதுகுப்புறம் விளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"இவன் யாருண்ணா, வெளக்க எங்க காட்டிக்கினு இருக்கான்?"

"உன் வேலையத்தான் பாக்குறான்."

"என்னவிட ஜாஸ்தி பேசுறானா?"

"ஒரே வரிதான்."

"பரவால்ல. கம்மியாப் பேசுனா நல்ல ஆளுதான்." ஜன்னல்கள் கடந்து போயின. "இதான் ஏழாவது மைனராண்ணா?"

"இதான்."

"இதுக்கா ஸ்டிக்கர் ஒட்டுனீங்க?"

நான் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் அம்மாவுக்கு முழங்காலில் ஊசி போட்டதைச் சொன்னான். மேனேஜர் மறுபடியும் கண்ணாடி மாற்றியதை நான் சொன்னேன். கறிவேப்பிலைச் செடி ஒன்றை யாரோ தொட்டியில் வளர்க்கிறார்களாம், ஒரு இலைக்குக் கெஞ்ச வேண்டியிருக்கிறதாம். பாலம் வர இன்னும் மூன்று நிமிடம் இருக்கும்போது அவனுக்குப் பின்னால் யாரோ கூப்பிட்டார்கள்.

"ண்ணா, ரூம்ல இன்னிக்கி சமையல் மொற எனக்கு. வெச்சிடட்டா?"

"வெச்சிடு. சாப்டியா?"

"சமைச்சாத்தானே சாப்புடறதுக்கு!"

போன் இருண்டது. துடுப்பை விட்டுவிட்டேன். படகு அசையாமல் தண்ணீரில் நின்றது. "கவனம், முன்னால் வெளிச்சம்" என்றான் துணைக்காவலன், இருட்டைப் பார்த்து. பாலம் வரை போகாமல் நிறுத்தி, படகுக்கு முன்னால் சேமித்ததையே வைத்துக்கொண்டேன். அன்றைய தேதியின் கீழ் எழுதினேன்: மூன்று மணி ஒரு நிமிடம் முதல் மூன்று இருபத்திரண்டு வரை. படகு. அவன் பார்த்தான். குறை எதுவும் இல்லை.

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்குப் போன் அடிக்கவில்லை. நானும் அடிக்கவில்லை. ஐந்து மணிக்குக் குறிப்பேட்டை எடுத்தேன். முன்பென்றால் இந்த மாதிரி நாளுக்கு ஒன்றும் எழுதியிருக்க மாட்டேன். கரண்ட் போகவில்லை, மழை இல்லை, கீழ் வீட்டு அம்மா கொத்தமல்லித் துவையல் கொடுத்தார், படகு அதே இடத்தில் நிற்கிறது என்று எழுதினேன்.